கை மறக்காத வேலை
மறதி நோய் உள்ள பெரியவர்களோடு செடி, பூ, கடற்காற்று

பாடத்தின் நோக்கம்

சேவை என்றதும் கோயில் துப்புரவு, அன்னதானம், ரத்ததானம் என்றுதான் நம் மனம் போகும். இந்தப் பாடம் பக்கத்து வீட்டுக்குள், சில சமயம் நம் வீட்டுக்குள்ளேயே காத்திருக்கும் ஒரு சேவையைப் பற்றியது. மறதி நோய் (டிமென்ஷியா) உள்ள ஒரு தாத்தாவோ பாட்டியோ, அவரை இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் ஒரு மகளோ மருமகளோ மனைவியோ நம் ஜெலுத்தோங் பிளாட்டுகளில் இருக்கிறார்கள். செடி, பூ, காற்று, வெளிச்சம் ஆகியவற்றைக் கொண்டு அவர்கள் இருவருக்கும் ஒரு நல்ல மணி நேரத்தை எப்படிக் கொடுப்பது என்று படிப்போம்.

1. முதலில் நோயைப் புரிந்துகொள்வோம்

"வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சிலர் "செய்வினை", "சாமி குத்தம்" என்றுகூடச் சொல்வதுண்டு. இரண்டுமே தவறு. மறதி நோய் மூளையின் செல்கள் சேதமாவதால் வருவது. அதில் அதிகம் காணப்படும் வகை அல்சைமர் நோய். 1906-இல் ஜெர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் அதை முதன்முதலில் விவரித்ததால் அந்தப் பெயர். உலகில் 5 கோடியே 50 லட்சம் பேருக்கு மேல் மறதி நோயுடன் வாழ்கிறார்கள். மலேசியாவில் 2018-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருக்க வாய்ப்புண்டு. அதாவது நம் கோயிலில் பந்தியில் உட்காரும் 12 பெரியவர்களில் ஏறக்குறைய ஒருவர்.

இந்த நோயில் எல்லா நினைவும் ஒரே நேரத்தில் போவதில்லை. பெரும்பாலும் புது நினைவு முதலில் போகும்: காலையில் சாப்பிட்டது, நேற்று வந்தவர். பல வருடம் செய்து பழகிய கைவேலை நெடுநாள் நிற்கும். பேரன் பெயர் வராத பாட்டி, முருங்கைக்கீரையைக் கையில் கொடுத்தால் கடகடவென்று உருவிவிடுவார். நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான்.

2. ஏன் இயற்கை?

முதல் காரணம், புலன்கள். மல்லிகை வாசமும் ஈர மண்ணும் கடற்காற்றும் மனதைத் தொட வார்த்தை தேவையில்லை.

இரண்டாவது, செடியிடம் தப்பான பதில் கிடையாது. நோயாளி நாள் முழுக்கப் பரீட்சை எழுதுகிறார்: "நான் யாரு தெரியுதா?", "இன்னைக்கு என்ன கிழமை?" ஒவ்வொரு கேள்வியிலும் தோற்கிறார். தண்ணீர் ஊற்றும்போது அந்தத் தோல்வி இல்லை.

மூன்றாவது, உடல். காலை வெளிச்சமும் நடையும் பகலில் விழித்திருக்கவும் இரவில் தூங்கவும் உடலுக்கு உதவும். பகல் முழுதும் நாற்காலியில் தூங்கிய தாத்தா இரவு 2 மணிக்கு எழுந்து கதவைத் தட்டுவதில் ஆச்சரியமில்லை.

சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் 2016-இல் ஹோர்ட்பார்க்கில் ஒரு சிகிச்சைத் தோட்டத்தைத் திறந்தது. மறதி நோய் உள்ளவர்கள் உட்பட முதியவர்களை மனதில் வைத்து அமைத்த தோட்டம் அது. அங்கு செலவு செய்து செய்ததில் ஒரு பகுதியை நாம் நாலு தொட்டியிலும் செய்யலாம்.

ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். தோட்ட வேலை இந்த நோயைக் குணப்படுத்தாது. மனநிலை, ஈடுபாடு, படபடப்பு ஆகியவற்றில்தான் அது உதவும். மருந்தையும் மருத்துவரையும் விட்டுவிட்டு இதைச் செய்யச் சொல்லவே கூடாது.

3. ஜெலுத்தோங்கில் என்ன செய்யலாம்?

நம் ஊரின் பெயரே ஒரு மரத்தின் பெயர். வானுயர வளரும் ஜெலுத்தோங் மரத்தின் பாலை எடுத்து ஒரு காலத்தில் சூயிங்கம் செய்தார்கள். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெரியவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள், கை அசைவே கதை சொல்லும்.

வீட்டுக்குள்: கருவேப்பிலை உருவுதல், கங்குங் கிள்ளுதல், பாண்டான் இலையை முடிச்சுப் போடுதல். கிள்ளிய கங்குங் தண்டைத் தண்ணீரில் வைத்தால் சில நாளில் வேர் விடும். ஊறவைத்த பச்சைப்பயறு இரண்டே நாளில் முளைக்கும். பலன் சீக்கிரம் தெரிகிற வேலையே இவர்களுக்கு நல்லது.

பூஜைக்காக: பூ தொடுத்தல், துளசிக்குத் தண்ணீர் ஊற்றுதல், அருகம்புல் ஆய்தல், தோரணத்துக்கு மாவிலை அடுக்குதல். இது பொழுதுபோக்கு விளையாட்டு இல்லை, சாமிக்குப் போகிற வேலை. அதனால் பெரியவருக்கு மரியாதை குறையாது. தொடுத்த சரம் கோணலாக இருந்தாலும் அதையே சாமிக்குப் போடுங்கள். அவர் போன பிறகு பிரித்துக் கட்டாதீர்கள்.

கடற்கரையில்: கர்ப்பால் சிங் டிரைவ் ஓரம் மேடு பள்ளம் இல்லாத நடைபாதை, சக்கர நாற்காலிக்கும் ஏற்றது. கிழக்குக் கடல் என்பதால் காலையில் போனால் சூரியன் அக்கரையிலிருந்து எழும்புவதைப் பார்க்கலாம். அங்கிருந்து பினாங்குப் பாலம் தெரியும். அது திறந்தது 1985-இல். "பாலம் வர்றதுக்கு முன்னால ஃபெரிதானே தாத்தா?" என்று ஆரம்பித்தால் பேச்சு தானாக ஓடும். வெயில் ஏறும்முன், 9 மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

தண்ணீர்மலைப் பக்கம்: 1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் நாகலிங்க மரம் உண்டு. சிவலிங்கத்துக்கு மேல் நாகம் குடை பிடித்த மாதிரியான அந்தப் பூவைப் பார்த்ததும் கைகூப்பாத நம் பெரியவர்கள் குறைவு. ஆனால் பீரங்கிக் குண்டு போன்ற காய் கனமாக விழும், மரத்தடியில் நிற்க வேண்டாம். குரங்குகள் வரும், கையில் சாப்பாட்டுப் பை வேண்டாம்.

4. பேசும் முறை

"இது என்ன பூ, சொல்லுங்க பார்ப்போம்" என்பது பரீட்சை. "வாசம் எப்படி இருக்கு பாட்டி?" என்பது உரையாடல். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். சொல்வதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து செய்து காட்டுவது மேல். 20 நிமிடத்தில் எழுந்துவிட்டால் விட்டுவிடுங்கள். "அம்மா எங்கே?" என்று 80 வயதுப் பாட்டி கேட்டால், "அவங்க இறந்து எத்தனையோ வருஷம் ஆச்சே" என்று திருத்தாதீர்கள். "அம்மா என்ன சமைப்பாங்க பாட்டி?" என்று கேளுங்கள்.

5. பார்த்துக்கொள்பவரையும் பார்ப்போம்

பாடத்தின் முக்கியப் பகுதி இது. பராமரிப்பவருக்கு விடுமுறை இல்லை. குளிப்பதற்குக்கூடப் பயந்து குளிக்கிறார், கதவைத் திறந்து வெளியே போய்விடுவாரோ என்று. உறவினர்கள் போன் செய்து ஆலோசனை சொல்வார்கள், ஆள் வரமாட்டார்கள்.

நாம் இரண்டு விதமாக உதவலாம். ஒன்று, அவரும் சேர்ந்து பூ தொடுக்கட்டும். அந்த அரை மணி நேரம் அவர் மருந்து கொடுப்பவராக இல்லாமல் மறுபடி மகளாக இருக்கிறார். இன்னொன்று, "நாங்க இருக்கோம், நீங்க போய்ப் படுங்க அக்கா" என்று அவரை அனுப்பிவிடுங்கள். எது வேண்டும் என்று அவரையே கேளுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் பராமரிப்பாளர்களுக்காகவே ஐசப்போர்ட் என்ற பயிற்சியை உருவாக்கியிருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவில் மலேசிய அல்சைமர் நோய் அறக்கட்டளை இயங்குகிறது. இந்தத் தகவல்களையும் கொண்டுபோய்ச் சேருங்கள். இன்னும் மருத்துவரைப் பார்க்காத குடும்பமாக இருந்தால், முதலில் அரசாங்க சுகாதார கிளினிக்குக்கு அழைத்துப் போக உதவுங்கள்.

6. கவனிக்க வேண்டியவை

• அரளி பூஜைக்கு உகந்தது, ஆனால் முழுச்செடியும் விஷம். எருக்கும் ஊமத்தையும் அப்படியே. இந்த நோயில் கையில் கிடைப்பதை வாயில் போடுவது உண்டு. மல்லிகை, சாமந்தி, துளசி போதும்.
• உரம், பூச்சிமருந்து, கத்தி ஆகியவற்றைப் பூட்டி வையுங்கள்.
• தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டிங்கி கொசு வரும்.
• காரிடாரில் வழியை அடைத்துத் தொட்டி வைக்காதீர்கள்.
• வெளியே போகும்போது பெரியவரின் பையில் குடும்பத்தாரின் தொலைபேசி எண் இருக்கட்டும். இருவராகப் போங்கள். கழிவறை எங்கே என்று முன்பே பாருங்கள்.

7. தர்மத்தின் பார்வை

"நாம வந்ததையே சாயங்காலம் மறந்துடுவாங்க, அப்புறம் எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். 2014-இல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான, மகிழ்ச்சியான படக்காட்சிகளைக் காட்டினார்கள். பார்த்தது என்ன என்பது சீக்கிரம் மறந்தது. அது தந்த உணர்வோ மறதிக்குப் பிறகும் நின்றது. ஆகவே நம் வருகை மறந்தாலும் அது தந்த நிம்மதி தங்கும்.

கீதை சொல்லும் கர்மயோகத்தை, பலனில் பற்று வைக்காமல் செய்யும் செயலை, வகுப்பில் படிக்கிறோம். நன்றி சொல்லாத, நம் பெயரைக்கூட நினைவில் வைக்காத ஒருவரிடம் வாராவாரம் போய் உட்கார்வது அதன் செய்முறைப் பயிற்சி.

கிளைக்கான பணி

இருவர் இருவராகப் பிரிந்து, உங்கள் வட்டாரத்தில் ஒரு குடும்பத்தைக் கண்டுபிடியுங்கள். அனுமதி பெற்று, நான்கு வாரம், வாரம் 1 மணி நேரம் போங்கள். படம் எடுத்துப் போடாதீர்கள். வாக்குக் கொடுத்த நாளில் தவறாமல் போங்கள், அக்கா அந்த ஒரு மணி நேரத்தை நம்பி இருப்பார்.

கலந்துரையாடல்

1. உங்கள் வீட்டுப் பெரியவரின் கை எந்த வேலையை மறக்காது?
2. பராமரிப்பவர் "எனக்கு உதவி வேண்டாம்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?
3. நம் கோயிலில் மறதி நோய் உள்ளவரும் செய்யக்கூடிய தொண்டு எது?