ஐந்து வார்த்தைகள் போதும்

தியானப் பகுதி: 1 கொரிந்தியர் 14:6-19



பவுல் இங்கே அந்நிய பாஷையைக் குறித்து எழுதுகிறார். கேட்பவருக்கு விளங்காத பதினாயிரம் வார்த்தைகளைவிட, விளங்கும் ஐந்து வார்த்தைகளே மேல் என்பது அவருடைய எண்ணம். வைத்தியர்களின் பேச்சும் ஒருவகையில் அந்நிய பாஷைதானே! (பிரசங்க பீடத்திலும் இது நேரிடுவதுண்டு, அதை இப்போது விட்டுவிடுகிறோம்.)

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, புதுச்சேரி, கர்நாடகா, கோவா, லட்சத்தீவு ஆகிய இடங்களில், 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஆனால் ஊசி பள்ளிக்கூடத்தை எட்டுமுன் வாட்ஸ்அப் வதந்தி வீட்டை எட்டிவிட்டது. ஊசி ஆபத்தானது என்று நம்பித் தமிழ்நாட்டில் பெற்றோர் பலர் சம்மதிக்க மறுத்தார்கள். அம்மாதத்தோடு முடியவேண்டிய முகாமை மார்ச்சுக்கும் நீட்டிக்கவேண்டியதாயிற்று.

வதந்தி ஏன் வென்றது? அது வீட்டுப் பேச்சில் வந்தது. தெரிந்தவரின் எண்ணிலிருந்து வந்தது. அலுவலக நடையில் வரும் மறுப்பு அதற்கு ஈடாகுமா?

ரூபெல்லா பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் லேசான காய்ச்சலும் தடிப்புமாய் வந்து போய்விடும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தாயைத் தொற்றினாலோ, குழந்தை கண்புரையோடும், செவிப்புலன் இல்லாமலும், இருதயக் கோளாறோடும் பிறக்கக்கூடும். "நல்லாயிருக்கிற பையனுக்கு எதுக்குய்யா ஊசி?" என்று கேட்கும் தாய்க்கு இதைத்தான் சொல்லவேண்டும்: உங்கள் பையனின் ஊசி கர்ப்பிணிகளையும் காக்கும். எண்ணிப்பாருங்கள், ஐந்தே வார்த்தைகள்.

இன்னொன்று. "காய்ச்சல் வருமா?" என்று கேட்டால், வரலாம் என்றே சொல்லவேண்டும். ஊசி போட்டு ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துச் சிலருக்கு லேசான காய்ச்சலோ தடிப்போ கண்டு, தானாய் மறையும். வைத்தியர் காணொளியில் "ஒன்றும் வராது" என்று சொல்லிவிட்டால், பிள்ளையின் உடம்பு சுடுகிற அந்த இராத்திரியில் தாய் யாரை நம்புவாள்? மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை முடித்துவரும் பெண், ஆஸ்பத்திரிக்குப் புறப்படுமுன் கைப்பேசியைத்தான் பார்க்கிறாள். ஆகவே வைத்தியர்கள் அங்கே பேசுவதை வீண்வேலை என்று நாங்கள் எண்ணுவதில்லை.

இந்த ஊசி இப்போது வழக்கமான அட்டவணையிலேயே 9-12 மாதங்களில் ஒருமுறையும், 16-24 மாதங்களில் மறுமுறையும் போடப்படுகிறது. உங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் இதைப்பற்றி யாராவது பயந்து கேட்டால், கேலி செய்யாமல், பிள்ளையின் தடுப்பூசி அட்டையோடு செவிலியரிடம் அழைத்துவாருங்கள்.