வாசலில் வரும் பாட்டு

குப்பம் ஓர் எல்லை ஊர். ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் கூடும் இடத்துக்கு அருகில் உள்ளது. இங்கே தெலுங்கும் தமிழும் கலந்து ஒலிக்கும்.

மார்கழி பிறந்தால் விடியலில் பனி கொட்டும். பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போடுவார்கள். சாண உருண்டையில் பூசணிப் பூவைச் செருகி வைப்பார்கள். தெலுங்கில் இதற்குக் கொப்பெம்மா என்று பெயர். அதைச் சுற்றிப் பெண்கள் கைதட்டிப் பாடுவார்கள்.

ஆந்திரத்தில் அப்போது ஹரிதாசர் வருவார். தலையில் உருண்டைப் பாத்திரம். ஒரு கையில் தம்புரா. மறு கையில் சிப்ளாக்கட்டை. வீடு வீடாகப் பாடி வருவார். வீட்டார் பாத்திரத்தில் அரிசி இடுவார்கள். பூம்பூம் மாட்டுக்காரரும் வருவார். தெலுங்கில் அந்த மாட்டைக் கங்கிரெத்து என்பார்கள்.

இவர்கள் பிச்சைக்காரர்களா? இல்லை. வீடு செழிக்க வாழ்த்துகிறார்கள். அறுவடை கண்ட வீடு பங்கு தருகிறது. பாட்டுக்கு நெல், இது கொடுக்கல் வாங்கல்.

கடல் கடந்த இங்கிலாந்திலும் இதே போன்ற வழக்கம் உண்டு. அதன் பெயர் வாசெயில். "நலமாக இரு" என்பது அதன் பொருள். முன்பு கடுங்குளிரில் ஏழை உழைப்பாளர்கள் மரக் கிண்ணம் ஏந்தி வீடு வீடாகப் பாடினார்கள். வீட்டார் சூடான மதுவும் காசும் தந்தார்கள்.

சாமர்செட் பகுதியில் ஆப்பிள் மரத்துக்கே பாடுவார்கள். வேரில் ஆப்பிள் மதுவை ஊற்றுவார்கள். கிளையில் ரொட்டி வைப்பார்கள். நல்ல காய்ப்பு வேண்டும் என்பது ஆசை. கார்ஹாம்டன் என்னும் ஊரில் இது ஜனவரி 17இல் நடக்கும். நம் பொங்கலை ஒட்டிய நாள்! ஹெர்ஃபோர்டு பகுதியில் முன்பு காளையின் கொம்பில் துளையிட்ட கேக்கை மாட்டினார்கள். நம் மாட்டுப் பொங்கலில் காளைக்கு வடை மாலை போடுவது போல.

இந்தப் பாட்டுகள் வாய்வழியாக வந்தவை. பாடியவர் இறந்தால் பாட்டும் போய்விடும். 1903இல் செசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர் சாமர்செட்டில் ஒரு தோட்டக்காரர் பாடக் கேட்டார். உடனே எழுதிக்கொண்டார். பிறகு ஊர் ஊராகச் சென்று ஆயிரக்கணக்கான பாட்டுகளை எழுதி வைத்தார். பாடியவர்களில் பலர் எளிய உழைப்பாளர்கள். அவர்களுடைய பாட்டுகளைப் பிறகு பிள்ளைகள் பள்ளியில் பாடினார்கள்.

நம் ஊரிலும் ஹரிதாசர் வருவது குறைகிறது. அவர் மகன் வேறு வேலைக்குப் போகிறான். பாட்டியின் கொப்பெம்மா பாட்டு பேத்திக்குத் தெரியவில்லை. ஆனால் இப்போது நமக்கு எழுத்து தெரியும். பாட்டைக் காக்க ஒரு நோட்டும் பென்சிலும் போதும். தெலுங்குப் பாட்டைத் தமிழ் எழுத்திலும் எழுதலாம்.

பேசுங்கள்
1. உங்கள் ஊர் வாசலில் மார்கழியில் யார் பாடினார்கள்?
2. பாடுகிறவருக்கு அரிசி தருவது தானமா, கூலியா?

எழுதுங்கள்
வீட்டில் மூத்தவர் ஒருவரைப் பாடச் சொல்லுங்கள். கேட்டதை அப்படியே எழுதுங்கள். பாடியவர் பெயரையும் தேதியையும் அடியில் எழுத மறவாதீர்கள்.