வளையும் முதுகுக்குத் தினசரிப் பயிற்சி



பிள்ளையைக் குளிப்பாட்டும்போதுதான் ஒரு தோள் மற்றதைவிட உயர்ந்திருப்பதைத் தாய் காண்கிறாள். "வலிக்கிறதா?" என்று கேட்டால், பிள்ளை இல்லை என்கிறது. வலி இல்லாததாலேயே பல மாதங்கள் வீணாகிவிடுகின்றன.

இது ஸ்கோலியோசிஸ் எனப்படும் முதுகெலும்பு வளைவு. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு முறுக்கியும் கொள்கிறது. எக்ஸ்ரே படத்தில் வளைவு 10 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் இப்பெயரிடுகிறோம். பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை. புத்தகப் பையோ, உட்காரும் விதமோ காரணமல்ல. ஆகவே எந்தத் தாயும் தன்னைக் குற்றப்படுத்திக்கொள்ள வேண்டாம்.

இதற்குரிய பயிற்சிகளில் பெயர்பெற்ற ஒன்றை வகுத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த கத்தரீனா ஷ்ரோத் அம்மையார். 1894இல் பிறந்த அவருக்கே இந்த வளைவு இருந்தது. காற்று நிரம்பும்போது பலூன் விரிவதைப் போல, ஒடுங்கிய விலாப்பக்கத்தையும் மூச்சினால் விரிக்கலாம் என்று அவர் எண்ணினார். கண்ணாடி முன் நின்று தம்மையே திருத்திப் பழகினார். 1921இல் மைசன் நகரில் சிறிய சிகிச்சை நிலையம் தொடங்கினார்.

நாங்களும் கண்ணாடி முன்தான் தொடங்குகிறோம். முதலில் பிள்ளை தன் உடல் சாய்ந்திருப்பதைத் தானே காண வேண்டும். பிறகு முதுகை நீட்டி நிமிர்கிறது. ஒடுங்கிய பக்கத்திற்கு மூச்சை இழுக்கிறது. அந்த நிலையிலேயே சற்று நேரம் நிற்கிறது. சிறு பிள்ளைகளுக்கு இதை விளையாட்டாகவே கற்பிக்கிறோம். தாயும் உடன் கற்று, வீட்டில் தினமும் செய்விக்க வேண்டும்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை: பயிற்சி மட்டும் எல்லா வளைவையும் நிறுத்திவிடாது. சொல்வதைப் புரிந்து செய்ய முடியாத கைக்குழந்தைகளின் வளைவு கூடிவந்தால் மாவுக்கட்டு தேவைப்படலாம். வளரும் பிள்ளைக்கு வளைவு 25 டிகிரியைத் தாண்டினால், பெரும்பாலும் பிரேஸ் என்னும் கவசப்பட்டையும் அணிய வேண்டும். மிகக் கடுமையான வளைவுக்கு அறுவை சிகிச்சையே வழி. ஆகவே சீக்கிரம் கண்டுபிடிப்பது அவசியம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் பாருங்கள். கால்களைச் சேர்த்து, கைகளைக் கூப்பி, முன்னால் குனியச் சொல்லுங்கள். முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதற்குத் தேவையான பொருட்கள் ஒரு பாயும் ஒரு கண்ணாடியுமே. ஆனால் மாதக்கணக்கில் பிள்ளையோடு பொறுமையாய் உட்கார ஆள் வேண்டும். உங்கள் காணிக்கை அந்த நேரத்தையே வாங்கித் தருகிறது.