கிரெடிட் இல்லாத குடும்பத்துக்கு வீடு கொடுக்கலாமா?

நிலவறை வாடகைக்கு என்று விளம்பரம் போட்டிருப்பார்கள். அழைப்பவர் சிரியாவிலிருந்தோ எரித்திரியாவிலிருந்தோ அண்மையில் வந்த அகதி என்று தெரிந்ததும் “ஆள் வந்திட்டுது” என்று போனை வைத்துவிடுவார்கள். ரொறன்ரோவில் வீடு வைத்திருக்கும் நம் தமிழர் சிலரும் இதைச் செய்கிறார்கள். ஏன் என்று கேட்டால் வரும் காரணங்களில் பெரும்பாலானவை செவிவழிக் கதைகள்.

“கிரெடிட் ஹிஸ்ட்ரி இல்லை, எப்படி நம்புவது?” இதுதான் முதலில் வரும். வந்து மூன்று வாரமான எவருக்கும் இங்கே கிரெடிட் இருக்காது. டமாஸ்கஸில் இருபது வருடம் கடை நடத்தி, ஒரு தவணையும் தவறாமல் கடன் கட்டியவரைத் தேடினாலும் இங்குள்ள கணினியில் ஒன்றும் வராது. கடனைக் கட்டத் தவறியவரும் இந்த நாட்டில் கடனே எடுத்திராதவரும் ஒன்றா? வரலாறு இல்லாததை மோசமான வரலாறாகக் கொள்ளக் கூடாது என்றே ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழுவும் சொல்கிறது. 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கரையோரம் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழரிடம் எந்த வங்கியின் கடிதம் இருந்தது?

நம்புவதற்கு வேறு தாள்கள் உண்டு. அரசு உதவியோடு குடியமர்த்தப்பட்ட குடும்பம் நிரந்தர வதிவிடத்தோடுதான் விமானத்தை விட்டு இறங்குகிறது. மாதாமாதம் எவ்வளவு உதவிப்பணம் வரும் என்று எழுதிய கடிதத்தைக் காட்டச் சொல்லலாம். அந்த உதவி பொதுவாக ஓராண்டு வரை கிடைக்கும். தனியார் அனுசரணையில் வந்தவர்களுக்கு, தேவாலயமோ ஐந்து பேர் கொண்ட குழுவோ அதே காலத்துக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டிருக்கும். அவர்களுடன் நேரில் பேசிப் பாருங்கள். வேலைக் கடிதம் ஒன்றை மட்டும் கொண்டு வருகிற எத்தனை பேருக்குப் பின்னால் இப்படி ஐந்து பேர் நிற்கிறார்கள்?

இங்கு வந்து அகதிக் கோரிக்கை வைத்துக் காத்திருப்பவர்களைப் பற்றி வேறொரு பேச்சு: “கேஸ் முடியாத ஆள், எப்ப வேண்டுமானாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.” இதை நம்மவர் வாயால் கேட்கும்போது மனம் நோகிறது. கேஸ் முடியப் பல மாதங்கள், சிலருக்கு வருடங்களே ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? அதுவரை வேலை அனுமதியோடு உழைத்து வாடகை கட்டியவர்கள்தானே நம்மில் பலர்.

“ஆறு மாத வாடகையை முன்னுக்கு வாங்கினால் பயமில்லை.” ஒன்ராறியோவில் கடைசி மாதத்துக்கென ஒரு மாத வாடகையை மட்டுமே முற்பணமாகக் கேட்கலாம். சேதத்துக்கென்று தனியாக வாங்குவதும் சட்டவிரோதம்.

“வெல்ஃபேர் எடுப்பவருக்குக் கொடுப்பதில்லை.” அரச உதவி பெறுகிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள், இன்ன நாட்டவர் என்ற காரணங்களால் வீடு மறுப்பதை மனித உரிமைச் சட்டம் தடுக்கிறது. வீட்டுக்காரரோடு குளியலறையையோ சமையலறையையோ பகிரும் இடங்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. வெல்ஃபேரில் இருப்பவரின் வாடகையை நேரடியாக வீட்டுக்காரருக்கே அனுப்ப ஒழுங்கு செய்யவும் வழி இருக்கிறது. அடுத்தவர் சம்பளத்தை நம்பி இருப்பதைவிட அது பயமில்லாத ஏற்பாடு.

ஒரு பயத்தில் மட்டும் உண்மை உண்டு. வாடகை நின்றுபோனால், வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் வீட்டுரிமையாளர்-குடியிருப்பாளர் சபையில் விசாரணைக்கு நாள் கிடைக்க நெடுநாள் ஆகலாம். அடமானப் பணம் கட்டும் குடும்பத்துக்கு அது பெரிய அடி, மறுக்கவில்லை. ஆனால் நல்ல சம்பளக்காரர் வாடகையை நிறுத்தினாலும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். ஒன்ராறியோவின் நிலையான வாடகை ஒப்பந்தப் படிவத்தை நிரப்பி, குடும்பத்துக்குப் புரியும் மொழியில் ஒருவரைக் கொண்டு விளக்கி, கையெழுத்து வாங்குங்கள். குப்பை எடுக்கும் நாளையும் பனி வழிப்பது யார் பொறுப்பு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத் திறப்பைக் கொடுங்கள்.

2023 கோடையில் ரொறன்ரோ நகர நடுவே, பீற்றர் வீதியில், தங்குமிடங்கள் நிரம்பியதால் ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்த அகதிகள் நடைபாதையில் படுத்துறங்கினார்கள். கறுப்பினத்தவரின் தேவாலயங்கள்தான் கதவைத் திறந்து அவர்களை உள்ளே எடுத்தன. அதே நகரத்தில் நம்மிடம் எத்தனை நிலவறைகள் இருக்கின்றன! உங்களுடையது அடுத்து வெறுமையாகும்போது, விளம்பரம் போடுவதற்கு முன் கொஸ்டி போன்ற ஒரு குடியமர்வு நிறுவனத்துக்கு அழைத்து, வீடு இருக்கிறது என்று சொல்லுங்கள்.