கமராவுக்குப் போட்ட காசை வரியில் கழிக்க

நமுனுகுல, பசறைப் பக்கம் கல்யாணம், தேர்த்திருவிழாப் படம் எடுப்பவர்களே, செலவு போக ஆண்டு வருமானம் 18 லட்சம் ரூபாயைத் தாண்டினால் கவனியுங்கள்.

1. பில்லை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள்; கமரா, லென்ஸ் இலக்கமும் அதில் இருக்கட்டும். பொருள் உங்களுடையது என்பதற்கு அதுவே சாட்சி.

2. அன்றே அதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். வழவழப்பான பில்லில் எழுத்து மங்கிவிடும்.

3. முழு விலையையும் ஒரே வருடத்தில் கழிக்காதீர்கள். சட்டப்படி 5 ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் கமராவுக்கு ஆண்டுக்கு 1 லட்சம். ஆல்பத் தாள், மை அந்தந்த வருடச் செலவு.

4. வீட்டு விசேஷத்துக்கும் அதே கமராவா? தொழில் பங்கை மட்டும் காட்டுங்கள். வேலை நாட்களைக் கொப்பியில் குறித்தால் கேட்கும்போது பதில் இருக்கும்.

5. மார்ச் 31 வரையான கணக்கை நவம்பர் 30க்குள் உண்ணாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கொடுங்கள். பிந்தினால் தண்டப்பணம்.