ஒரு தடவையாவது குட்டி போட வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீடு ரமணாசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில். பெண் நாய்க்குட்டிக்கு ஆறு மாதம் ஆகிறது. ஒரு தடவையாவது குட்டி போட்ட பிறகுதான் கருத்தடை செய்ய வேண்டும் என்கிறார் மாமியார். சரியா?
– வாசகி, திருவண்ணாமலை

பதில்: உங்கள் மாமியார் பரிவோடுதான் சொல்கிறார். ஆனால் மருத்துவம் சொல்வது நேர்மாறு. முதல் பருவத்துக்கு முன்பே ஆபரேஷன் செய்துவிட்டால் மடிக்கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். தள்ளிப்போடப் போட அந்தப் பயன் கரைந்துவிடும். வயதான பெண் நாய்களைத் திடீரெனக் கொல்லும் நோய் ஒன்று உண்டு, கருப்பையில் சீழ் கோப்பது. கருப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டால் அந்தப் பயமே இல்லை.

உங்கள் பகுதிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பருவத்தில் இருக்கும் நாய் கதவு திறந்ததும் ஓடும். தெரு நாய்கள் சூழும், கடித்துக்கொள்ளும். செங்கம் சாலையிலும் கிரிவலப் பாதையிலும் பௌர்ணமிக் கூட்டத்தில் அது என்ன ஆகும்? இனச்சேர்க்கையால் தொற்றும் புற்றுக்கட்டி நம் தெரு நாய்களிடம் சாதாரணம். தப்பி வந்தாலும் சுமார் 63 நாளில் குட்டிகள். அத்தனைக்கும் வீடு கிடைக்காது. பெண் குட்டிகளைத்தான் முதலில் தெருவில் விடுகிறார்கள். நெஞ்சு பொறுக்கவில்லை.

ரமணர் நாய்களையும் ஆசிரமவாசிகளாகவே நடத்தினார். ஜாக்கி என்ற நாயின் சமாதி இன்றும் ஆசிரமத்துக்குள் இருக்கிறது. அந்த ஊரில் ஒரு குட்டியும் நாதியற்றுப் பிறக்க வேண்டாமே!

ஆபரேஷனுக்குப் பின் உடம்பு பெருக்கலாம். சோற்றைக் கொஞ்சம் குறையுங்கள். பெரிய ஜாதி நாயென்றால் சரியான வயதை மருத்துவரிடம் கேளுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மட்டும் எந்த வருடமும் விட்டுவிடாதீர்கள்.