கழற்றுமுன் காது கொடுப்போம்: லாண்ட்மாஸ்டரின் சத்தங்கள்

எமது விவசாயக் கிராமங்களில் இரு சக்கர உழவு இயந்திரம் எதுவாயினும் அதற்கு லாண்ட்மாஸ்டர் என்றே பெயர். உண்மையில் அது ஒரு வகை இயந்திரத்தின் வணிகப் பெயர். இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன 1950களில் அதன் உருவாக்கத்தில் முன்னின்றவர். எருமையின் வேலையை இயந்திரமாக்கினோமேயன்றி வேளாண்மையை மேம்படுத்தினோமா என்று பின்னாளில் பகிரங்கமாகக் கேட்டவரும் அவரே. அது வேறொரு பாடத்துக்குரிய கேள்வி. அந்தப் பழைய லாண்ட்மாஸ்டர்கள் வயலை விட்டுப் போய் வெகுகாலமாகிவிட்டது. பெயர் மட்டும் தங்கியிருக்கிறது. இன்று கமக்காரரிடம் காணப்படுபவை குபோட்டா, யன்மார் போன்ற ஜப்பானிய வகைகளும், எஸ்195 எஞ்சின் பூட்டிய சீன வகைகளுமாகும். அவற்றுட் பல, இருபது முப்பது வருடம் உழைத்து, இரண்டு மூன்று கை மாறி வந்தவை. இப்பாடம் அவற்றைப் பற்றியது.

காலபோகத்தில் முதல் மழை விழுந்து நிலம் உழவுக்குப் பதமாக இருக்கும் நாட்கள் கொஞ்சம். வாய்க்கால் தண்ணீர் முறை வரும் நாட்கள் அதிலும் கொஞ்சம். அந்த நேரம் பார்த்து இயந்திரத்தில் புதிய சத்தமொன்று எழும்புமாயின், பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, பயத்தினால் நல்ல எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிடுகிறோம். அல்லது, "இந்த வயலை முடித்துவிட்டுப் பார்ப்போம்" என்று கெட்ட எஞ்சினை ஓட்டிக் கொன்றுவிடுகிறோம். இரண்டிலும் நட்டம் கமக்காரருக்கே. வாடகை உழவை நம்பியிருக்கும் அயலவரின் விதைப்பும் பிந்திப் போகிறது.

இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு வழி உண்டு. சத்தத்துக்குப் பெயர் வைக்குமுன் அதற்கு இடம் காணவேண்டும். "இது என்ன சத்தம்?" என்று தொடங்காமல், "இது எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது?" என்று தொடங்குக. குளிரில் வருகிறதா, சூடேறிய பின் வருகிறதா? சும்மா நின்று ஓடும்போதா, கலப்பை சேற்றில் இழுக்கும்போதா? கிளச் லீவரை அசைத்தால் மாறுகிறதா? இக்கேள்விகளுக்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

வெளியிலிருந்து உள்ளே

பழைய இயந்திரத்தின் சத்தங்களிற் பல எஞ்சினுக்கு வெளியே பிறப்பவை. எஞ்சினைச் சட்டத்தில் பிடிக்கும் போல்ட்டுகள், சைலன்சர், பெல்ட் மூடி, மட்காட், தாங்கு கால், ட்ரெயிலர் கொழுவும் ஊசி ஆகியவற்றை எஞ்சின் நின்றிருக்கும்போது ஒவ்வொன்றாகக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தகர மூடியொன்றின் தளர்ந்த நட், ஓடும்போது எஞ்சினே உடைவது போலச் சத்தமிடும். ஓடும்போது ஒரு மரத்தடியால் மூடியை அழுத்த, சத்தம் மாறுமாயின் விடயம் முடிந்தது.

அடுத்து பெல்ட்டுகள். பிளைவீலின் பக்கத்துக் கப்பியிலிருந்து கிளச் கப்பிக்கு இரண்டு மூன்று வீ-பெல்ட்டுகள் ஓடுகின்றன. கிளச்சைப் பிடிப்பித்து இழுவை ஏறும் கணத்தில் நீளமாகக் கிறீச்சிட்டால் பெல்ட் வழுக்குகிறது. இழுவை இல்லாதபோதும் குருவி கத்துவது போல ஒரே தாளத்தில் சிறு ஒலி கேட்டால், இரு கப்பிகளும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று சந்தேகிக்கலாம். ஓடும் பெல்ட்டில் எட்ட நின்று சிறிது தண்ணீர் தெளித்தால் இவ்விரண்டையும் பிரித்தறியலாம்: வழுக்கும் பெல்ட் இன்னும் கூடுதலாகக் கத்தும், கோடு பிழைத்த பெல்ட் சற்று நேரம் அமைதியாகும். எஞ்சின் போல்ட்டுகளைத் தளர்த்தி, எஞ்சினை முன்னே நகர்த்திப் பெல்ட்டை இறுக்குவதே சீன வகைகளின் முறை. நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் இறங்குவது போதும். அதற்கு மேல் இறுக்கினால் பெயரிங்குகள் அடிபடும். மூன்றில் ஒன்று அறுந்தால் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள்; பழையவை நீண்டிருப்பதால் புதியது தனியே பாரம் சுமந்து விரைவில் அறும். சத்தம் நிற்பதற்கென்று பெல்ட்டில் ஒயிலோ கிறீசோ பூசுவது எமது பக்கத்தில் காணும் ஒரு கெட்ட பழக்கம். சத்தம் நிற்கும், பெல்ட்டும் கெடும்.

சாரத்தோடு நின்று இவ்வேலைகளைச் செய்யாதீர்கள். ஓடும் பெல்ட் சாரத்தின் தொங்கலையும் சேலைத் தலைப்பையும் ஒரு நொடியில் இழுத்துவிடும்.

இனித் தீர்க்கமான சோதனை. எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டுகளைக் கழற்றி, எஞ்சினை மட்டும் இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். சத்தம் போய்விட்டால் எஞ்சினைத் தொடவேண்டியதில்லை. குற்றம் பெல்ட்டிலோ கிளச்சிலோ கியர்ப் பெட்டியிலோ இருக்கிறது. சத்தம் இன்னும் இருந்தால் அது எஞ்சினுடையது. இழுவையில் மட்டும் எழும் சத்தத்துக்கு இச்சோதனை முழு விடை தராது. ஆயினும் பத்து நிமிட வேலைதான். எந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோகுமுன்னும் இதைச் செய்துவிடுங்கள் என்று நாம் வற்புறுத்துகிறோம்.

கிளச்சின் பேச்சு

பெல்ட்டுகளைத் திரும்பப் பூட்டி, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கிளச் லீவரை மட்டும் அசைத்துக் கேளுங்கள். லீவரை இழுத்துக் கிளச்சை விடுவித்த நிலையில் மட்டும் கரகரவென்று சத்தம் வந்தால், கிளச்சை விடுவிக்கும் பெயரிங்கையோ, கிளச் கப்பியின் உள்ளே இருக்கும் பெயரிங்கையோ பாருங்கள். கப்பி சுழல, அதன் நடுத் தண்டு நிற்பது அந்நிலையில்தான். இதற்கு மாறாக, கிளச் பிடித்திருக்கும்போது சத்தம் வந்து, லீவரை இழுத்ததும் அடங்குமாயின், குற்றம் அதற்கப்பால் உள்ளது: கியர்ப் பெட்டிக்குள் போகும் தண்டின் பெயரிங், பற்சக்கரம், சில வகைகளில் இடையே ஓடும் சங்கிலி. முதலில் கியர் ஒயிலின் அளவைப் பார்க்க. சேற்றில் நாள் முழுவதும் நிற்கும் இயந்திரத்தில் சீல் தேய்ந்து தண்ணீர் உள்ளே போவது சாதாரணம். ஒயில் பால் நிறமாயிருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. லீவரை எப்படி வைத்தாலும் மாறாத சத்தத்துக்கும் கிளச்சுக்கும் தொடர்பில்லை.

எஞ்சின் வேகம் ஏறியும் சக்கரம் இழுக்காமல், கருகிய மணமும் வந்தால் கிளச் தட்டுகள் வழுக்குகின்றன. தட்டு தேய்ந்துவிட்டது என்று உடனே புதியது வாங்க ஓடாமல், லீவரின் தண்டில் சிறிது தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். தளர்வே இல்லாவிட்டால் கிளச் முழுதாகப் பிடிக்காது. அடுத்து, உலர்ந்து ஓடவேண்டிய தட்டுகளில் சீலினூடாக ஒயில் கசிந்திருக்கிறதா என்று பார்க்க. சீலை மாற்றாமல் தட்டை மட்டும் மாற்றினால் அடுத்த போகத்தில் அதே கதைதான். வரம்பு ஏறும்போது லீவரைப் பாதி இழுத்தபடியே ஓட்டும் பழக்கம், தட்டையும் பெயரிங்கையும் ஒன்றாகத் தின்றுவிடும்.

எஞ்சினுக்குள்ளே

எஸ்195 என்பதில் முதல் 1 ஒற்றைச் சிலிண்டரையும், 95 அதன் விட்டத்தை மில்லிமீற்றரிலும் குறிக்கிறது. பிஸ்டன் 115 மில்லிமீற்றர் நகர்கிறது. நிமிடத்துக்கு 2000 சுற்றில் 12 குதிரைவலு. இத்தகைய ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் எப்போதும் சத்தமானதே. காலைக் குளிரில் கடகடவென்று அடித்து, சூடேறத் தணிவது அதன் இயல்பு. அந்த இயல்பான சத்தத்தை நன்றாயிருக்கும் நாட்களிலேயே கேட்டுப் பழகியிருக்கவேண்டும். 1990களில் வடக்கில் எரிபொருள் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியவர்கள், சத்தத்தைக் கேட்டே எஞ்சினின் சுகத்தை அறியப் பழகினார்கள். அந்தக் காது உடைய மூத்தவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள்.

ஒரு முழ நீள ரப்பர்க் குழாய் நல்ல கருவி. ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை எஞ்சினின் ஒவ்வொரு இடத்துக்கும் அருகே, சுழலும் பாகங்களுக்கு எட்ட, கொண்டுபோங்கள். சத்தம் எங்கே உரத்துக் கேட்கிறதோ அங்கே நில்லுங்கள்.

மேலே வால்வு மூடியருகில் தையல் மெசின் போல மெல்லிய "டிக் டிக்" கேட்டால் வால்வு இடைவெளி கூடியிருக்கிறது. எஸ்195க்கு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, காற்று உள்ளே வரும் வால்வுக்கு 0.35 மில்லிமீற்றரும் புகை போகும் வால்வுக்கு 0.45 மில்லிமீற்றரும் வைக்கவேண்டும். வேறு வகைகளுக்கு அவற்றின் கைந்நூலைப் பார்க்க. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சத்தமே வரக்கூடாது என்று இடைவெளியை இல்லாமலாக்கி இறுக்கிவிடுவோர் உண்டு. சூட்டில் வால்வு நீண்டு, முழுதாக மூடாமல் எரிந்துபோகும். சற்றுச் சத்தமிடும் வால்வைவிட ஊமையான வால்வு ஆபத்தானது.

கூர்மையான சுத்தியல் அடி போன்ற சத்தம் சூடேறிய பின்னும் நின்றால், அது எரிதலின் சத்தமா, உலோகத்தின் சத்தமா என்று பிரிக்கவேண்டும். நடு வேகத்தில் ஓடும்போது டீசலை நிறுத்துங்கள். பிளைவீல் சுழன்று அடங்கும் அந்தச் சில கணங்களில் அடி உடனே மறைந்தால், அது பெரும்பாலும் எரிதலின் சத்தம்: இஞ்செக்டர் சொட்டுகிறது, அல்லது டீசல் முந்திப் பாய்கிறது. டீசல் நின்ற பின்னும் தட்டிக்கொண்டே அடங்கினால் பெயரிங், பிஸ்டன், பிளைவீல் என்று தேடுக. அமுக்கத்தைத் திறக்கும் லீவரைப் பிடித்து எஞ்சினை நிறுத்தாதீர்கள். அதனால் வால்வு பிஸ்டனில் அடிபடலாம். அந்த லீவர் கைச்சுற்றலுக்கு மட்டுமே. கையால் மெதுவாகச் சுற்றும்போது இஞ்செக்டரில் "கிர்க்" என்று தெளிவான ஒலி கேட்கவேண்டும். கேட்காவிட்டால் டீசல் குழாயில் காற்று இருக்கலாம், அல்லது பம்போ இஞ்செக்டரோ தேய்ந்திருக்கலாம்.

குளிரில் பொள்ளலாக ஒலித்துச் சூட்டில் மறையும் தட்டல், தேய்ந்த லைனரில் பிஸ்டன் ஆடுவது. நீலப் புகையும் ஒயில் குறைவும் கூட வரும். ஒயிலைக் கவனித்துக்கொண்டால் அந்தப் போகத்தை முடித்து, ஆறுதலாக வேலை செய்விக்கலாம்.

இப்போது ஒரு சம்பவம். எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம், கணவன் இல்லாத தாயும் மகனும், வாடகை உழவினால் வாழ்பவர்கள். உழவுக் காலத்தில் எஞ்சினில் கனத்த "தொம் தொம்" ஒலி. பார்த்த மெக்கானிக் பெல்ட்டையும் கழற்றவில்லை, பிளைவீலையும் ஆட்டிப் பார்க்கவில்லை. "பெரிய பெயரிங் போச்சுது அக்கா, இறக்கித்தான் பார்க்கவேணும்" என்றார். தாயின் காப்பு அடகுக்குப் போனது. எஞ்சின் முழுவதும் பிரிக்கப்பட்டு, புதிய பெயரிங் போட்டுப் பூட்டப்பட்டது. சத்தம் அப்படியே இருந்தது. பிளைவீல் நட் தளர்ந்து, அதன் சாவி தேய்ந்திருந்ததை ஊரிலுள்ள முதியவர் ஒருவர் பிறகு கண்டுபிடித்தார். அதற்குள் பதினொரு நாட்கள் போய்விட்டன. அயல் வயல்களை வேறு இயந்திரங்கள் உழுது முடித்திருந்தன.

தளர்ந்த பிளைவீல், பெரிய பெயரிங்கின் சத்தத்தை அப்படியே நடிக்கும். ஆகவே கனத்த ஒலி கேட்டால் எஞ்சினை உடனே நிறுத்தி, முதலில் பிளைவீலின் விளிம்பை இரு கையாலும் பிடித்து முன்பின்னாகவும் உள்வெளியாகவும் ஆட்டி, நட்டோடு சேராத அசைவு உண்டா என்று பாருங்கள். நட்டைப் பூட்டும் வாஷரின் மடிப்பு நிமிர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இதுவும் சிறிய குற்றமன்று. அப்படியே ஓட்டினால் கிராங் தண்டின் முனை கெடும். பிளைவீல் கழன்றால் பக்கத்தில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து.

பிளைவீல் உறுதியாயிருந்து, இழுவையிலும் சூட்டிலும் கனத்த ஒலி கூடுமாயின், பெரிய பெயரிங் என்றே கொள்க. அதை வீடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போகக்கூடாது. கட்டி இழுத்துச் செல்லுங்கள். அந்தப் பெயரிங் பிடித்தால் கொனெக்டிங் றொட் முறிந்து எஞ்சின் உடலையே துளைக்கும். பின்பு திருத்துவதற்கு எதுவும் மிஞ்சாது. எஸ்195 போன்ற கிடையான எஞ்சின்களில் பின்மூடியைக் கழற்றினாலே அந்தப் பெயரிங்குக்குக் கை எட்டும்; றொட்டைத் தள்ளி இழுத்து ஆட்டத்தை உணரலாம். முழு எஞ்சினையும் பிரிக்கவேண்டும் என்பவரிடம் முதலில் இந்த மூடியைக் கழற்றிக் காட்டும்படி கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று. ஒயில் பம்பு வேலை செய்வதைக் காட்டும் சிவப்புக் குறி எழும்புகிறதா என்பதை நாளாந்தம் பார்த்து வந்தால், இந்த நிலைக்கு வராமலே தடுக்கலாம்.

எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய பின்னர் முன்பில்லாத குலுக்கம் கண்டால், சமநிலைத் தண்டுகளின் பற்சக்கரக் குறிகள் பொருந்தாமல் பூட்டப்பட்டிருக்கலாம். பணம் முழுவதையும் கொடுக்குமுன் இழுவையோடு ஓட்டிப் பாருங்கள்.

குழுவாகச் செய்து பார்க்க

உழவு தொடங்குமுன், ஓய்வான ஒரு மாலையில், சங்கத்தின் இரண்டு மூன்று இயந்திரங்களை ஓரிடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றையும் பெல்ட் இல்லாமல், பெல்ட்டோடு, கிளச் பிடித்து, கிளச் விடுவித்து என நான்கு முறை ஓட்டி, எல்லோரும் கேளுங்கள். இளைஞரோடு, வீட்டில் இயந்திரத்துக்குத் தண்ணீரும் டீசலும் ஊற்றும் பெண்களும் வரட்டும். சத்தம் மாறுவதை முதலில் கவனிப்பவர்கள் பல வேளை அவர்களே. கேட்டவற்றை இயந்திரத்துக்கொரு கொப்பியில், திகதி, ஒயில் மாற்றிய நாள், பெல்ட் மாற்றிய நாள் என்பவற்றோடு எழுதி வையுங்கள். பீலர் கேஜ் ஒன்றைச் சங்கத்துக்குப் பொதுவாக வாங்கலாம். பாவித்த பின் அதைத் துடைத்து, மெல்லிதாக ஒயில் பூசி வைக்கவும். தகடு துருப்பிடித்தால் அளவு பிழைத்துவிடும்.